சுருக்கி அனுப்பிய அம்மா

லட்சுமணசாமியின் வாயை ஏரோப்ளேன் ஏறுமுன் யாராவது தைத்து அனுப்பியிருந்தால், தம்பிதுரை வீட்டில் இந்த வாரமும் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

மனுஷன் அமெரிக்காவில் இருக்கிற மகனைப் பார்க்கப் போனார். போன இடத்தில் சும்மா இருந்தாரா? சொந்தக்காரப் பெண்ணாயிற்றே என்று தம்பிதுரையின் மகள் லோகப்பிரியாவின் கட்டுச்சோறு விருந்துக்கும் போனார். ஒன்பது மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, “அப்படியே சாமியாத்தா சாடை அம்மணி. உன்னைய மடியில வெச்சுட்டு ஒரு போட்டோ எடுத்தாங்களே, அதுல இருக்கற மாதிரியே இருக்கறே” என்று உருகிவிட்டார்.

சாமியாத்தாள் என்பது கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன பெரியம்மா என்றுதான் லோகப்பிரியாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணம் ஆகாத பெரியம்மாவின் மடியில் நான் எப்படி வந்தேன் என்று அவள் கேட்டாள். லட்சுமணசாமி திருதிருவென்று விழித்தார். இருபத்தைந்து வருடம் மூடி வைத்திருந்தது அந்த விருந்து இலையிலேயே கொட்டிப்போயிற்று.

பெற்றவள் சாமியாத்தாள். அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தது சாமியாத்தாளின் தங்கை ராசாத்தாளை. அக்கா போன மறு வருடமே தங்கையை அதே வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். குழந்தைக்கு வேற்றுமை தெரியக் கூடாது என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்தார்கள், ஊரும் ஒத்துழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் லோகப்பிரியா அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எப்படி இறந்தாங்க?

“மஞ்சக்காமாலை அம்மணி. உனக்கு அப்ப ஒன்பது மாசம்” என்றார் தம்பிதுரை.

அது பச்சைப் பொய். சாமியாத்தாள் போனது லோகப்பிரியாவைப் பெற்ற அன்றைக்கே. அடுத்த வாரம் பிரசவம் என்று நாள் குறித்திருக்கிற மகளிடம், கடல் கடந்து புருஷனோடு மட்டும் இருக்கிற மகளிடம், உன்னைப் பெற்றவள் உன்னைப் பெற்றதால்தான் போனாள் என்று எந்தத் தகப்பன் சொல்லுவான்? தம்பிதுரையாலும் முடியவில்லை.

போனை ராசாத்தாளிடம் கொடுக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. ராசாத்தாள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். மகள் போனை வைத்துவிட்டதாகத் தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

புதன்கிழமை தம்பி மனோஜ்குமாருக்கு ஈமெயில் வந்தது. பீளமேட்டில் இன்ஜினியரிங் படிக்கிற அவன்தான் அக்காவுக்கும் வீட்டுக்கும் நடுவே தபால்காரன். அந்தப் போட்டோ வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் வேண்டும், தபாலில் வந்தால் நேரத்துக்கு வராது, ஸ்கேன் பண்ணி அனுப்பு என்று எழுதியிருந்தாள். வீட்டில் மற்ற யாரையும் விசாரிக்கவில்லை.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

சரவணம்பட்டி வீட்டில் தம்பிதுரை இட்லித் தட்டைப் பாதியில் தள்ளி வைத்தார். போட்டோ இரும்பு பீரோவில், கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை. பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே அறையை விட்டு எழுந்து போகிறவர்.

“அது இருக்கற எடத்துலயே இருக்கட்டும். இப்ப அதை அவ பாக்க வேண்டாம்” என்றார்.

சொல்லாமல் வைத்ததற்கே மகள் என்னோடு பேசுவதில்லை, கேட்டதையும் கொடுக்காவிட்டால் அப்புறம் ஜன்மத்துக்கும் பேச மாட்டாள் என்று ராசாத்தாள் சொல்லிப் பார்த்தாள். நெஞ்சில் இருந்ததே அது ஒன்றுதான். பத்து மாதம் சுமக்கவில்லை என்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு அவள் வேறு என்ன குறை வைத்தாள்?

“பேசறதுக்குப் பின்னால எத்தனையோ நாள் கெடக்குது ராசாத்தா. மொதல்ல பெத்துப் பொழச்சு வரட்டும்.”

சொல்லிவிட்டு அவர் பீளமேட்டில் இருக்கிற தன் மோட்டார் பம்ப் பட்டறைக்குக் கிளம்பிப் போனார். கார் சத்தியமங்கலம் ரோட்டில் திரும்புகிற சத்தம் அடங்கியதும் ராசாத்தாள் பீரோவைத் திறந்தாள்.

உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். அவளும் அதைப் பார்க்கவில்லை. முகம் கீழாக இருக்கும்படி ஒரு கைக்குட்டையில் வைத்துச் சுற்றினாள்.

“கண்ணு, வண்டியை எடு” என்றாள் மகனிடம்.

மனோஜுக்குக் காலேஜ் மட்டம் போடக் காரணம் கிடைத்தால் போதும். ஆனால் ஆர்.எஸ்.புரம் போய்ச் சேரும் வரை அம்மா பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் வந்தது அவனுக்கு என்னவோ போல் இருந்தது. பெரியம்மா படத்துக்கு அப்பா ஏன் இப்படிப் பயப்பட வேண்டும்? காமாலையில் இறந்தவர்கள் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறார்கள்.

மெர்வினின் டி.டி.பி. சென்டர் ஒரு நகைக்கடைக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. சுவர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். பிள்ளையாரும் சிலுவையும் குத்துவிளக்கும் அருகருகே ஒட்டியிருந்தன. ஸ்கேனரும் இன்டர்நெட்டும் ஒரே இடத்தில் இருந்ததால் மனோஜ் அக்காவுக்கு எது அனுப்புவதானாலும் இங்கேதான் வருவான்.

மெர்வின் படத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தார் என்று ராசாத்தாளுக்குத் தோன்றியது. ஒன்றும் கேட்காமல் ஸ்கேனரில் கவிழ்த்து மூடினார். மூடியின் விளிம்பில் வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல ஊர்ந்து போனது. ராசாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பழைய படம், விவரமெல்லாம் நன்றாக வரட்டும் என்று அவர் ரொம்பப் பெரிதாக எடுத்துவிட்டார். திரையில் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. கீழே வர மவுஸை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

“இப்படியே போகாதுங்கம்மா. பத்து எம்.பி.கிட்ட வருது. போன் லைன்ல இது போறதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும்” என்றார் மெர்வின். கொஞ்சம் சுருக்கி அனுப்பலாம், ஆனால் சுருக்கச் சுருக்க நுணுக்கமெல்லாம் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டார். ராசாத்தாள் தலையை ஆட்டினாள்.

ஓரளவுக்குச் சுருக்கி மெயிலில் சேர்த்து அனுப்பினார்கள். மோடம் இரைந்தது, கீச்சிட்டது, அப்புறம் அடங்கியது. நீலக்கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. நடுவே ஒரு தடவை லைன் அறுந்து மறுபடி முதலிலிருந்து. கடைசியில் போய்ச் சேர்ந்தது என்று மனோஜ் பெருமூச்சு விட்டபோது, போன மெயில் அப்படியே திரும்பி வந்து நின்றது.

லோகப்பிரியாவின் இலவச மெயில் பெட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது. இரண்டு எம்.பி. பெட்டி, அதில் மீதி இருந்த இடம் கைக்குட்டை அகலம். இந்தப் படம் அதற்குள் நுழையாது.

ராசாத்தாளுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. அக்கா போக மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டாளோ என்று நினைத்தாள். நினைத்ததை வெளியே சொல்லவில்லை.

மெர்வினுக்கு அச்சகத்தில் பத்திரிகை ப்ரூஃப் கொடுக்க நேரமாகிவிட்டது. மனோஜுக்கு இதெல்லாம் பழக்கம்தான், அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சென்டரில் தாயும் மகனும் மட்டும் இருந்தார்கள். மேலே காற்றாடி கரகரத்தது.

மனோஜ் பெரிய படத்தை மறுபடி திறந்தான். கறுப்பு வெள்ளைப் படத்தை எதற்குக் கலரில் வைத்திருக்க வேண்டும்? கலரை எடுத்தான், எடை பாதிக்கு மேல் இறங்கிற்று. அடுத்தது ஓரம் வெட்டுவது. நாற்காலிக் கால், அதன் பின்னால் திரையாகக் கட்டிய ஜமுக்காளம், தரையில் விழுந்த நிழல், எதுவும் அக்காவுக்கு வேண்டியதில்லை. பெரியம்மாவும் குழந்தையும் போதும். எந்த இடத்தில் வெட்டலாம் என்று பார்க்க முகத்தின் பக்கம் பெரிதாக்கினான்.

“ஏம்மா, காதுக்குக் கீழ இது என்னங்க? தோடா?”

ராசாத்தாள் எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடம் பார்க்காமல் விட்டதைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

“தோடில்ல கண்ணு. என்ற வெரலு.”

மனோஜுக்குப் புரியவில்லை. நீங்கள் எங்கே இருந்தீர்கள், படத்திலேயே இல்லையே என்றான்.

“நாற்காலிக்குப் பின்னால குனிஞ்சு நின்னேன். அக்காளுக்குத் தல நிக்கலை. ஜமுக்காளத்துக்குள்ள கைய உட்டு நாந்தான் தாங்கிப் புடிச்சிருந்தேன்.”

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மனோஜ் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று ராசாத்தாள் மற்றதையும் சொன்னாள். விடியற்காலையில் பிரசவம். ரத்தம் நிற்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. தூக்குவதற்கு முன், தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரு படமாவது இருக்க வேண்டும், நாளைக்கு இந்தப் பிள்ளை கேட்டால் எதைக் காட்டுவது என்று ராசாத்தாளைப் பெற்ற அய்யன் பிடிவாதம் பிடித்தார். கோயமுத்தூரிலிருந்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்தார்கள். அக்காவைக் குளிப்பாட்டி, தலை சீவி, பொட்டு வைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் குழந்தையைக் கிடத்தினார்கள். ராசாத்தாளுக்கு அப்போது பதினேழு வயது. ஆடக் கூடாது, அழக் கூடாது, படம் கெட்டுவிடும் என்று ஸ்டுடியோக்காரர் அவளிடம் சொன்னார்.

“அவரு எடுத்து முடிச்சதும் அக்கா தலைய எங்கம்மாகிட்டக் குடுத்தேன். புள்ளைய என்ற கையில குடுத்தாங்க.”

மனோஜ் திரையைப் பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“ஆனா கண்ணு திறந்திருக்குதேம்மா.”

“அது ஸ்டுடியோவுல பிரஷ்ஷால வரஞ்சது.”

அவன் கண்களின் பக்கம் போனான். அங்கே பார்வை என்று ஒன்றும் இல்லை. கறுப்பு மையால் இரண்டு வளைவு, இரண்டு பொட்டு. வலது பொட்டு ஒரு பக்கம் பார்த்தது, இடது பொட்டு வேறு பக்கம் பார்த்தது. அவற்றுக்கு அடியில் மூடிய இமையின் கோடு அப்படியே இருந்தது. சின்னப் படத்தில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்தது, இப்போது திரை முழுக்கக் கிடந்தது. நல்ல பகல் வெளிச்சத்தில், வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்கிற இடத்தில், அவனுக்குப் பயமாக இருந்தது.

அப்புறம்தான் மற்றதும் உறைத்தது. காமாலை இல்லை. ஒன்பது மாதமும் இல்லை. அக்காவுக்கு அடுத்த வாரம் பிரசவம்.

“வேண்டாங்கம்மா. அப்பா சொல்றதுதான் சரி. போட்டோ கெடைக்கலைன்னு எழுதீர்றேன்.”

ராசாத்தாளுக்குத் தெரியும், கிடைக்கவில்லை என்று எழுதினால் லோகப்பிரியா நம்ப மாட்டாள். சித்தி ஒளித்து வைத்துக்கொண்டாள் என்றுதான் நினைப்பாள். சித்தி. அந்த வார்த்தையை மகள் வாயால் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிடுவாளோ என்கிற பயத்தில்தான் நாலைந்து நாளாக ராசாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

“அந்தத் தம்பி என்னமோ சொன்னாரே கண்ணு. கொறைக்கக் கொறைக்க நுணுக்கமெல்லாம் போயிரும்னு.”

“ஆமாங்க.”

“அப்ப இந்த வெரலும் போயிருமா?”

மனோஜ் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு வேலையை ஆரம்பித்தான்.

படத்தின் அளவைப் பாதியாக்கினான். விரல்கள் நிழலாயின. தரம் என்று ஒரு அளவுகோல் உண்டு, அதை இடது பக்கம் இழுத்தால் படத்தின் எடை இறங்கும். இழுத்தான். ஜமுக்காளத்தின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்தன. அக்காவின் மெயில் பெட்டிக்கு இது தாராளமாகப் போதும்.

“இது போயிரும்மா. போதும்.”

“இன்னுங் கொஞ்சங் கொறை.”

குறைத்தான். காதுக்குக் கீழே இருந்த நிழல் கூந்தலோடு சேர்ந்துகொண்டது. குழந்தை பழந்துணியா பட்டா என்று தெரியாத ஒரு வெள்ளைச் சுருளாக மாறியது.

“இன்னும்.”

“படம் கெட்டுப்போயிருமுங்க.”

“கெட்டா கெடட்டும். இன்னும்.”

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய அளவுக்கு வந்தபோது மனோஜின் கை நின்றுவிட்டது. இமையின் கோடு இல்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்த பொட்டுகள் கரைந்து ஒரே பார்வையாகிவிட்டன. தொங்கிய உதட்டோரத்தில் கறுப்பும் வெளுப்பும் கலந்து என்னவோ ஆகி, அது சிரிப்பு மாதிரி இருந்தது. சாமியாத்தாள் மடியில் பிள்ளையோடு நாற்காலியில் உட்கார்ந்து, நேராக எதிரே இருப்பவர்களைப் பார்த்தாள்.

ராசாத்தாள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அவளுடைய வலது கை தானாக இடது கையைப் பிடித்துக்கொண்டது. லோகப்பிரியாவைத் தூக்கித் தூங்க வைத்த காலத்தில், அந்தச் சின்னத் தலையைத் தாங்கும்போதெல்லாம் இன்னொரு தலையின் கனம் உள்ளங்கையில் வந்து போகும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கும் வந்தது.

“பொறந்த அன்னைக்கு எடுத்ததுன்னு எழுது” என்றாள். “அது பொய்யில்லையே.”

வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது.

தம்பிதுரை பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போன் அடித்திருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. எங்கே போயிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க அவருக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. கோபத்தோடுதான் செருப்பைக் கழற்றினார். சொன்னதைக் கேட்காத வீட்டில் நான் எதற்கு என்கிற வசனம்கூடத் தயாராக இருந்திருக்கும். உள்ளே வந்து இரண்டடி வைத்தவர் திரையைப் பார்த்துவிட்டார்.

வசனம் மறந்துபோயிற்று.

மனோஜ் மூடப் போனான். வேண்டாம் என்று அவர் கையைக் காட்டினார். கண்ணாடியை மேலே ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

“இது எப்ப எடுத்தது?”

“பொறந்த அன்னைக்குத்தானுங்க” என்றாள் ராசாத்தாள்.

“செத்ததுக்கப்பறம் எடுத்ததுன்னுதான எனக்குச் சொன்னாங்க.”

அவள் போன அன்றைக்கு அவர் காங்கேயம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போயிருந்தார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, போய்விட்டு வாங்க என்று சாமியாத்தாள்தான் அனுப்பி வைத்தாள். ஆள் போய்ச் சொல்லி அவர் வந்து சேர்வதற்குள் ஸ்டுடியோக்காரரும் போய்விட்டார், பாடையும் கட்டிவிட்டார்கள். வந்தவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார். அதைக் கேட்டு எல்லோரும் அழுதார்களே தவிர யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். அந்தக் கேள்வியை இன்றைக்குத்தான் மறுபடி கேட்டார்.

“அப்ப, புள்ளையப் பாத்துட்டுத்தான் போனாளா ராசாத்தா?”

ராசாத்தாள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார். எத்தனையோ சாவு வீட்டுக்கு அவரோடு போயிருக்கிறாள். அவர் அழுது அவள் பார்த்தது இதுவே முதல் தடவை.

அழுது முடித்து நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. காளை பிடிக்கப் போன வயசு அந்த முகத்தில் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. திரையில் இருந்தவளைப் பார்த்து அவர் லேசாகச் சிரித்தார். ராசாத்தாளுக்குப் பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான். இருபத்துநாலு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தச் சிரிப்பு கிடைத்ததில்லை. ஆனால் பொறாமையை விடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. ஒரு பொய்யைப் பார்த்து இந்த மனுஷன் இவ்வளவு நிம்மதிப்படுகிறாரே என்பதுதான் அது.

“அனுப்பு கண்ணு” என்றார் மகனிடம். “இதைப் போயி வேண்டாம்னேனே.”

மனோஜ் அனுப்பினான். இந்தத் தடவை மோடம் இரையத் தொடங்குவதற்குள் போய்விட்ட மாதிரி இருந்தது. திரும்பி வரவில்லை.

லோகப்பிரியா இருக்கிற டெட்ராய்ட்டில் இன்னும் விடியாத நேரம். காலையில்தான் பார்ப்பாள், வீட்டுக்குப் போகலாம் என்று மனோஜ் சொன்னான். தம்பிதுரைக்கு எழ மனமில்லை. அந்தப் படம் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் போல் அவருக்கு இருந்தது. டீ வாங்கி வரச் சொன்னார். டீ வந்தது. யார் டீயும் தீரவில்லை.

அதற்குள் பதில் வந்துவிட்டது. பாவம், தூக்கம் வராமல் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள் பிள்ளைத்தாய்ச்சி.

மனோஜ் சத்தமாகப் படித்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், தட்டுத்தடுமாறித்தான் படிக்க வந்தது. ‘பார்த்தேன்டா. ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தேன். என்னைப் பார்த்து சிரிக்கற மாதிரியே இருக்கு. இத்தனை நாள் இதைப் பத்திரமா வச்சிருந்து குடுத்ததுக்கு அம்மாவுக்கு தேங்க்ஸ் சொல்லு.’

“எந்த அம்மாவுக்கு?” என்றாள் ராசாத்தாள்.

“உங்களுக்குத்தானுங்கம்மா.”

ராசாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். கேட்க ஏங்கிய வார்த்தை வந்துவிட்டது. அது எதற்காக வந்தது என்பதுதான் உறுத்தியது.

மெயிலில் இன்னும் கொஞ்சம் இருந்தது. மனோஜ் மனதுக்குள் படித்துவிட்டு நிறுத்தினான். என்னடா என்று அப்பா கேட்டார். அவன் வேறு வழியில்லாமல் படித்தான்.

‘ஆனா படம் ரொம்பச் சின்னதா இருக்கு. முகம் சரியாத் தெரியல. பெரிசா அனுப்பு. என் பெட்டியில இருந்த எல்லா மெயிலையும் அழிச்சு இடம் பண்ணி வச்சிருக்கேன். அவர் ஆபீஸ்ல பெரிசா ப்ரின்ட் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார். ஆஸ்பத்திரியில என் எதிர்ல வச்சுக்கணும். அம்மா என்னைப் பார்த்துட்டே இருக்கணும்.’

தம்பிதுரை ஸ்டூலிலிருந்து எழுந்து மகனின் தோளில் கை வைத்தார்.

“பெருசாவே அனுப்பீரு கண்ணு. எனக்கும் ஒண்ணு பெருசாப் போட்டுக் குடு. ஊட்டுல மாட்டோணும். இத்தன வருசம் அவளைப் பீரோவுக்குள்ள போட்டு வெச்சது என்ற தப்பு.”

மனோஜ் அம்மாவைப் பார்த்தான். ஏதாவது சொல்லி இதிலிருந்து என்னை விடுவியுங்கள் என்கிற பார்வை. இருக்கிற படம் இவ்வளவுதான், பெரிதாக வராது என்று ஒரு வார்த்தை அம்மா சொன்னால் போதும், அவனும் ஆமாம் போட்டுவிடுவான். அப்பாவுக்கும் நிம்மதி, அக்காவுக்கும் நிம்மதி, அம்மாவுக்கும் அம்மா என்கிற பேர் நிற்கும். ராசாத்தாளுக்கும் அது தெரியும். நாக்கு நுனி வரை வந்தது.

புருஷனைப் பார்த்தாள். சுவரில் எந்த இடத்தில் ஆணி அடிப்பது என்று யோசிக்கிற முகத்தோடு அவர் நின்றுகொண்டிருந்தார். இந்த முகத்துக்கு அவள் தினமும் அந்தச் சுவருக்கு முன்னால் சோறு போட வேண்டும். மகள் அங்கே வலியில் துடிக்கும்போது அந்த வரைந்த கண்கள் எதிரே நிற்கும்.

“ஏனுங்க” என்றாள். “மாட்டறதுக்கு முந்தி நீங்க ஒருக்கா அதைப் பெருசாப் பாத்துருங்க. புள்ளைக்கு என்ன அனுப்பறதுன்னு அப்பறம் நீங்களே சொல்லுங்க.”

“பாத்துட்டுத்தான இருக்கறேன்.”

“இல்லீங்க. நீங்க இன்னும் பாக்கலை.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, தம்பிதுரை மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார். ராசாத்தாள் மகன் பக்கம் திரும்பினாள்.

“தொற கண்ணு. காலையில மொதல்ல எடுத்தாரே அந்தத் தம்பி, அதைத் தொற.”

மனோஜ் திறந்தான். மெதுவான கம்ப்யூட்டர். படம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கியது. ஜமுக்காளத்தின் கோடுகள் வந்தன. எண்ணெய் வைத்துச் சீவிய வகிடு வந்தது. நெற்றியும் பொட்டும் வந்தன. தம்பிதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டூலைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்தார்.